மூக்கு, விலா, தோள்: செயின்ட் லூயிஸின் கொல்லைப்புற அடுப்பு

அமெரிக்காவில் பார்பிக்யூ என்றதும் டெக்சஸ்காரர் மனத்தில் மாட்டு நெஞ்சுக்கறி வந்து நிற்கும். வட கரோலினாக்காரருக்கு முழுப் பன்றி, மெம்ஃபிஸ்காரருக்கு விலா. மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் செயின்ட் லூயிஸ் நகரத்தில் கேட்டால் பட்டியல் வேறு. தோள்பட்டை எலும்போடு சேர்த்து ரம்பத்தில் அறுத்த தட்டையான துண்டு. ஓரத்துக் குருத்தெலும்பை வெட்டிவிட்டு நீள்சதுரமாக்கிய விலா. வெட்டிவிட்ட அந்தக் குருத்தெலும்புத் துண்டும்கூட. இவற்றோடு, கரியடுப்பில் மணிக்கணக்காக வாட்டி மொறுமொறுப்பாக்கிய பன்றி மூக்கு.

அமெரிக்காவின் பல ஊர்களில் இவற்றில் சிலவற்றைக் கேட்டால் கறிக்கடைக்காரர் சற்று யோசிப்பார். செயின்ட் லூயிஸிலோ இவை விடுமுறை நாள் சமையல். ஒரே நகரத்தில் இத்தனை விசித்திரத் துண்டுகள் எப்படி வந்து சேர்ந்தன என்பதற்கான விடை பெரும்பாலும் ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கிறது. பன்றியை யார் அறுத்தார்கள், எந்தப் பாகம் ரயிலேறி வெளியூர் போனது, எது அறுத்தவர்களின் ஊரிலேயே மிஞ்சியது என்ற கணக்குதான் இந்த நகரத்தின் அடுப்பில் எது வேக வேண்டும் என்று முடிவு செய்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பன்றி வணிகத்தின் தலைநகரம் ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி. பன்றிகளைக் கூட்டம் கூட்டமாக நடத்தியே அந்த ஊருக்கு ஓட்டி வந்தார்கள். குளிர்சாதனம் இல்லாத காலம் என்பதால் அறுப்பு முழுவதும் குளிர்காலத்தில் நடந்தது. பின்தொடை, முன்தொடை, வயிற்றுப் பகுதி மூன்றையும் உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்துப் படகேற்றினார்கள். கொழுப்பை உருக்கிச் சமையலுக்கும் விளக்குக்கும் சோப்புக்கும் விற்றார்கள். 1837-இல் அந்த ஊரில் தொடங்கிய ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் வளர்ந்ததே இந்தக் கொழுப்பு வணிகத்தின் நிழலில்தான். எலும்பு மிகுந்த பாகங்களான விலா, கழுத்து, தலை, கால், வால் ஆகியவற்றுக்குப் பீப்பாயில் இடமில்லை. அவற்றில் உப்பு சரியாக ஏறாது, சதையும் குறைவு, இடமோ அதிகம் பிடிக்கும். அன்றைக்கே விற்றாக வேண்டிய பண்டம் என்பதால் உள்ளூரில் மலிவாகக் கிடைத்தன.

ரயில் வந்த பிறகு வணிகம் மேற்கே நகர்ந்தது. செயின்ட் லூயிஸ் மிசூரி மாநிலத்தில் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. எதிர்க்கரை இல்லினாய் மாநிலம். கிழக்கிலிருந்து வந்த ரயில் பாதைகள் ஆற்றைத் தாண்ட முடியாமல் அந்தக் கரையிலேயே நின்றன. ஈட்ஸ் பாலம் திறந்தது 1874-இல்தான். அதற்கு முந்தைய ஆண்டே, ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் ஊரை ஒட்டி நேஷனல் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற பெரும் கால்நடைச் சந்தை இயங்கத் தொடங்கிவிட்டது. சந்தையைச் சுற்றி இறைச்சித் தொழிற்சாலைகள் முளைத்தன. மாரிஸ் நிறுவனம் 1889-இலும், ஸ்விஃப்ட் 1893-இலும், ஆர்மர் 1903-இலும் வந்தன. நாட்டின் மிகப் பெரிய பன்றிச் சந்தைகளில் ஒன்றாக அந்த இடம் உயர்ந்தது.

1907-இல் இந்த நிறுவனங்கள் தங்கள் நிலத்தையே நேஷனல் சிட்டி என்ற தனி ஊராகப் பதிவு செய்துகொண்டன. பக்கத்து ஊருக்கு வரி கட்ட வேண்டியதில்லை என்பதே அதில் இருந்த ஆதாயம். தொழிலாளர்கள் குடியிருந்ததோ ஈஸ்ட் செயின்ட் லூயிஸில். ஆலைகளின் புகையும் நாற்றமும் அந்த ஊருக்கு வந்தன. வரிப்பணம் வரவில்லை.

ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஐரோப்பியக் குடியேறிகளோடு மிசிசிப்பி, ஆர்கன்சா, டென்னசி பகுதிகளிலிருந்து கருப்பின மக்களும் ரயிலேறி வடக்கே வந்தார்கள். தெற்கின் பருத்திக் காடுகளையும் நிறவெறிச் சட்டங்களையும் விட்டு லட்சக்கணக்கானோர் வெளியேறிய பெரும் இடப்பெயர்வின் ஒரு கிளை இது. 1916 கோடையில் இறைச்சி ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தது. வெள்ளைத் தொழிலாளர்களின் வேலையைக் கருப்பினத்தவர்கள் பறிக்கிறார்கள் என்ற வெறுப்பு ஊரில் ஊதி வளர்க்கப்பட்டது. 1917 ஜூலை 2 அன்று வெள்ளையர் கும்பல்கள் கருப்பின மக்களின் வீடுகளுக்குத் தீ வைத்து, தப்பி ஓடியவர்களைச் சுட்டுக் கொன்றன. அதிகாரபூர்வக் கணக்கிலேயே 39 கருப்பின மக்கள் இறந்தார்கள். உண்மையில் நூறு பேருக்கு மேல் இருக்கும் என்பது பல வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. ஆயிரக்கணக்கானோர் பாலத்தைக் கடந்து செயின்ட் லூயிஸுக்கு ஓடினார்கள். அவர்களில் பலர் திரும்பவே இல்லை. ஆற்றின் இரு கரையிலும் ஒரே மாதிரிச் சமைக்கும் குடும்பங்கள் வாழ்வதற்கு இந்தக் கொடுமையும் ஒரு காரணம்.

அந்தக் குடும்பங்கள் தெற்கிலிருந்து கொண்டு வந்த சொத்துகளில் ஒன்று, பன்றியின் எந்தப் பாகத்தையும் வீணாக்காமல் ருசியாக்கும் கைப்பக்குவம். அதன் பின்னால் இருப்பது அடிமை முறையின் வரலாறு. அடிமையாகப் பிறந்து தப்பி வந்து 1845-இல் தன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்ட ஃபிரடெரிக் டக்ளஸ், மேரிலாந்துப் பண்ணையில் வயது வந்த ஓர் அடிமைக்கு மாதத்துக்கு 8 பவுண்டு பன்றி இறைச்சியும் ஒரு புஷல் சோள மாவும் படியளந்ததாகப் பதிவு செய்திருக்கிறார். பன்றி அறுக்கும் குளிர்கால நாட்களில் தொடையும் வயிற்றுப் பகுதியும் எஜமானரின் புகையறைக்குப் போகும். தலை, காது, குடல், கால் போன்றவை அறுத்தவர்கள் கைக்கு வரும். அவற்றைச் சுத்தம் செய்யவும், பொறுமையாக வேகவைக்கவும், காரமும் புளிப்பும் சேர்த்து உயர்த்தவும் பல தலைமுறைகள் கற்றிருந்தன. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்தில் பிக் ஆப்பிள் இன் என்ற சிறு கடை பன்றிக் காது சாண்ட்விச்சுக்காகவே இன்றுவரை பெயர் பெற்று விளங்குகிறது. அதே அறிவு செயின்ட் லூயிஸுக்கு வந்தபோது, பன்றித் தலைகள் மலைபோல் குவியும் ஆலைகள் ஆற்றங்கரையிலேயே இருந்தன.

இங்கேதான் ‘ஸ்னூட்’ பிறந்தது. மூக்கும் அதை ஒட்டிய கன்னமும் சேர்ந்த பாகம் அது. நாசித் துளைகளை வெட்டி நீக்கி, மயிரைப் பொசுக்கிச் சுரண்டி, விரித்துக் கம்பித் தட்டில் போடுவார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் தோலும் கொழுப்பும். சதை மிகக் கொஞ்சம். அதனால் அதிக அனலில் போட்டால் உருகிச் சொட்டும் கொழுப்பு தணலில் விழுந்து தீப்பிடித்துக்கொள்ளும். மேலே கரிந்துவிடும், உள்ளே ரப்பர் மாதிரி இழுக்கும். அனலைத் தாழ்த்தி, தீ எழும்பும்போதெல்லாம் துண்டுகளை ஓரத்துக்கு நகர்த்தி, திருப்பித் திருப்பிப் போட்டு இரண்டு, மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். கொழுப்பு முழுவதும் வடிந்த பிறகு தோல் பொரிந்து, அப்பளம்போல் நொறுங்கும் பதத்துக்கு வரும். அதன்மேல் இனிப்பும் புளிப்புமான தக்காளிச் சாஸை ஊற்றி, வெள்ளை ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கொடுப்பார்கள். சாஸ் பட்ட இடம் மெல்ல இளகும், படாத இடம் மொறுமொறுக்கும். இந்த இரட்டைத் தன்மைக்காகவே அதைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அடுப்பில் நேரத்தைச் செலவிட முடியாதவர்கள் எண்ணெயில் பொரித்துவிடுவதும் உண்டு. ஆனால் கரி வாசம் ஏறிய மூக்குக்குத்தான் மதிப்பு அதிகம்.

1963-இல் தொடங்கிய சி அண்ட் கே, 1997-இல் தொடங்கிய ஸ்மோக்கி ஓஸ் போன்ற கடைகள் ஸ்னூட்டை வீட்டுக் கொல்லையிலிருந்து விற்பனைப் பலகைக்குக் கொண்டு வந்து நிலைநிறுத்தின. அதற்கு முன்னும் பின்னும், பழைய எண்ணெய் பீப்பாயை நீளவாக்கில் பிளந்து கீல் பொருத்திய அடுப்புகளில், கொல்லைகளிலும் தேவாலய வளாகங்களிலும் தெருமுனைகளிலும் அது வெந்துகொண்டே இருந்தது.

விலாவின் கதை வேறு திசையில் போனது. பன்றியின் அடிப்பக்க விலா வரிசையை அப்படியே எடுத்தால் ஒழுங்கற்ற வடிவத்தில் இருக்கும். ஒரு முனையில் நெஞ்செலும்பு, அதை ஒட்டிக் குருத்தெலும்பு, உள்பக்கம் தொங்கும் சவ்வுச் சதை. கம்பித் தட்டில் ஒரு பக்கம் வேகும்போது மறுபக்கம் வெந்து காய்ந்துவிடும். செயின்ட் லூயிஸ் பாணியில் நெஞ்செலும்பையும் குருத்தெலும்பையும் ஒரே நேர்க்கோட்டில் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது நீள்சதுரமான, சீரான கனமுள்ள விலாப் பலகை. சீராக வேகும், எளிதாக அடுக்கலாம், பங்கு போடும்போதும் சண்டை வராது. அமெரிக்க வேளாண் துறை மொத்தக் கொள்முதலுக்காக வைத்திருக்கும் இறைச்சிப் பட்டியலில் முழு விலாவுக்கு 416 என்ற எண்ணும், இந்த வெட்டுக்கு 416ஏ என்ற எண்ணும் உண்டு. நகரத்தின் பெயரோடேயே அது அரசுப் பட்டியலில் ஏறியிருக்கிறது.

வெட்டி நீக்கிய குருத்தெலும்புப் பட்டைக்கு ரிப் டிப்ஸ் என்று பெயர். சிறு சிறு எலும்பு முடிச்சுகளும், அவற்றுக்கிடையே கொழுப்பு ஊடுருவிய சதையும் நிறைந்த அதைச் சாப்பிடக் கையும் பல்லும் பொறுமையும் வேண்டும். செயின்ட் லூயிஸில் அது மலிவுக் கறி. சிகாகோவின் தெற்குப் பகுதியில் அதுவே தலைமைப் பண்டமாகியது. மிசிசிப்பியின் இண்டியனோலாவிலிருந்து வந்த லெமன்ஸ் சகோதரர்கள் 1950-களில் அங்கே தொடங்கிய லெம்ஸ் கடை இன்றும் ரிப் டிப்ஸுக்குப் புகழ்பெற்றது. கண்ணாடிச் சுவர் வைத்த உயரமான அடுப்பில் விறகுப் புகையில் வேகவைத்து, வறுத்த உருளைக்கிழங்கின் மேல் குவித்து, சாஸை ஊற்றித் தருவது சிகாகோ வழக்கம்.

மூக்கும் விலாவும் ஆலையிலிருந்து வந்தவை. மூன்றாவது துண்டான தோள், அதாவது போர்க் ஸ்டேக், வந்த வழி வேறு. அது புறநகரத்தின் குழந்தை. அதற்கு முதலில் கரியும் அடுப்பும் எல்லோர் வீட்டுக்கும் வர வேண்டியிருந்தது.

கரித்தூளை அச்சில் அழுத்திக் கட்டியாக்கும் முறைக்கு எல்ஸ்வொர்த் ஸ்வாயர் என்பவர் 1897-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். அதைப் பெருந்தொழிலாக்கியது கார் உற்பத்தி. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார்களில் மரப் பாகங்கள் ஏராளம். அதற்காக மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில் எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டு என்ற உறவினர் உதவியோடு ஃபோர்டு காடுகளை வாங்கி மரஆலை அமைத்தார். குவிந்த மரத்தூளையும் துண்டு துணுக்குகளையும் வீணாக்க மனமில்லாமல் 1920-களில் கரிக்கட்டிகளாக்கி விற்றார். காரோடு சுற்றுலா போகிறவர்களுக்காக ஃபோர்டு விற்பனையகங்களிலேயே கரியும் சிறு அடுப்பும் கிடைத்தன. 1951-இல் அந்தத் தொழில் கைமாறியபோது கரிக்குக் கிங்ஸ்ஃபோர்டு என்று பெயர் மாறியது. இன்றும் அமெரிக்கக் கொல்லைகளில் அந்தப் பெயர்தான்.

1952-இல் அடுப்பும் மாறியது. சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸில் வேலை செய்த ஜார்ஜ் ஸ்டீபன், காற்றில் சாம்பல் பறந்தும் தீ அணைந்தும் தொல்லை தந்த திறந்த செங்கல் அடுப்பால் சலித்துப்போயிருந்தார். அவர் ஆலையில் நீர்மிதவைகளுக்காக உலோக அரைக்கோளங்களைச் செய்தார்கள். ஓர் அரைக்கோளத்துக்குக் கால் வைத்து அடுப்பாக்கினார். இன்னொன்றுக்குக் கைப்பிடி வைத்து மூடியாக்கினார். காற்றுத் துளைகளைத் திறந்து மூடி அனலைக் கூட்டலாம், குறைக்கலாம். மூடி போட்டால் சுடுவதும் புழுக்குவதும் ஒரே பாத்திரத்தில் நடக்கும். கெட்டித் தசையை இளக்குவதற்கு அதுதான் தேவை.

அதே ஆண்டுகளில் செயின்ட் லூயிஸ் நகரம் வெளியே பரவிக்கொண்டிருந்தது. 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரத்தில் 8,56,796 பேர். அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை ஏறவே இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள் அரசுக் கடனுதவியோடு புறநகரங்களில் புல்வெளியும் பின்முற்றமும் உள்ள வீடுகளை வாங்கினார்கள். ஃபுளோரிசன்ட் என்ற சிற்றூரில் 1950-இல் நாலாயிரம் பேர்கூட இல்லை. பத்தே ஆண்டுகளில் 38,000-ஐத் தாண்டியது. வீட்டுக்கடன் விதிகளும் குடியிருப்பு ஒப்பந்தங்களும் அந்தப் புதிய ஊர்களின் கதவைக் கருப்பினக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் அடைத்தே வைத்திருந்தன என்பதும் இந்த வரலாற்றின் பகுதி.

புதிய ஊர்களுக்குப் பல்பொருள் அங்காடிகள் வந்தன. இறைச்சியைக் கண்ணாடித்தாளில் சுற்றித் தட்டில் அடுக்கி, வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் முறை போருக்குப் பின் வேகமாகப் பரவிய காலம் அது. கடையின் பின்பக்கத்தில் மின்சாரப் பட்டை ரம்பம் ஓடியது. பன்றியின் தோள்மேல்பகுதி, பாஸ்டன் பட் என்று வணிகத்தில் வழங்குவது, மூன்று நான்கு கிலோ எடையுள்ள முண்டு. முழுதாக வேக அரை நாளாகும் என்பதால் அவசர வீடுகளில் அது விலை போகவில்லை. அதை எலும்போடு சேர்த்து ஓர் அங்குலத்துக்கும் குறைவான கனத்தில் வில்லைகளாக அறுத்தால் கதை மாறியது. பார்வைக்குப் பெரிய மாட்டு ஸ்டேக், விலைக்குப் பன்றித் தோள். 1950-களில் ஃபுளோரிசன்ட் கிளையில் தாங்கள்தான் இதைத் தொடங்கியதாக உள்ளூர் அங்காடியான ஷ்நக்ஸ் பெருமை கொண்டாடுகிறது. போர்க் ஸ்டேக் என்ற பெயர் அதற்கு முன்பே அமெரிக்கக் கறிக்கடை விளம்பரங்களில் உண்டு. ஆனால் அதைப் புறநகரத்தின் வாராந்திர வழக்கமாக்கியது அந்தப் பத்தாண்டுதான்.

தோளின் தன்மை முதுகுச் சதையின் தன்மைக்கு நேரெதிர். ஓடியாடி உழைக்கும் பாகம் என்பதால் பல தசைகள் வெவ்வேறு திசையில் பின்னிக் கிடக்கும். நடுவே கொழுப்பும் இணைப்புத் திசுக்களும். பன்றிக்கறி வழியாகப் பரவும் டிரிகினெல்லா புழுவுக்குப் பயந்து அமெரிக்கர்கள் நீண்ட காலம் எல்லாப் பன்றிக்கறியையும் நன்றாக வேகவைத்தார்கள். முதுகுச் சதை அந்தச் சூட்டில் வறண்டுபோனது. தோள் தாங்கியது. பாதுகாப்பான உள்சூட்டுக்கு 71 டிகிரி செல்சியஸ் வேண்டாம், 63 டிகிரியே போதும் என்று வேளாண் துறை 2011-இல் அறிவித்தது. தோள்துண்டுக்கு அந்தத் தளர்வால் பெரிய பயனில்லை. அதன் இணைப்புத் திசு இளகி வழவழப்பாக வேண்டுமென்றால் 85 டிகிரிக்கு மேல் பொறுமையாக ஏற்றியாக வேண்டும்.

அதனால்தான் செயின்ட் லூயிஸ் வீடுகளில் இரண்டு கட்டச் சமையல் வந்தது. முதலில் தணலுக்கு நேர் மேலே போட்டு இரு பக்கமும் சிவக்கவிடுவார்கள். பிறகு அலுமினியத் தட்டில் அடுக்கி, பார்பிக்யூ சாஸும் கொஞ்சம் பீரும் ஊற்றி மூடி, அனல் குறைந்த பக்கத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதித்தால் எலும்பிலிருந்து சதை கழன்று வரும். சாஸ் என்றால் அங்கே பல வீடுகளில் மால்ஸ். லூயி மால் குடும்பத்தின் நிறுவனம் 1926-இல் சந்தைக்குக் கொண்டு வந்த தக்காளிச் சாஸ் அது. பீர் என்றால் உள்ளூர் ஆன்ஹைசர்-புஷ் ஆலையின் பீர். சாஸில் ஊறவைப்பது கறியின் மொறுமொறுப்பைக் கெடுக்கிறது, கரியிலேயே நிதானமாக முடிக்க வேண்டும் என்று வாதிடும் இன்னொரு அணியும் அங்கே உண்டு. விலை குறைவு என்பதால் இருபது பேரை அழைத்தாலும் கட்டுப்படியாகும் என்பதில் இரு அணிக்கும் ஒரே கருத்து. கருப்பினக் குடியிருப்புகளிலும் வெள்ளையர் புறநகரங்களிலும் ஒன்றுபோல வேர்விட்டது இந்தத் துண்டுதான்.

இதே தசையை ஜெர்மனியின் சார்லாந்துப் பகுதியில் கழுத்துப் பக்கமாக அறுத்து, வெங்காயத்தில் ஊறவைத்து, முக்காலியில் சங்கிலியால் தொங்கும் கம்பித் தட்டில் ஆட்டி ஆட்டிச் சுடுகிறார்கள். ஸ்பெயினில் தோளுக்கு அடியில் மறைந்திருக்கும் மெல்லிய தசை இன்று உயர்தர உணவகங்களில் விலையுயர்ந்த பண்டம். கொழுப்பு ஊடுருவிய உழைப்புத் தசை நெருப்புக்கு ஏற்றது என்பதைப் பல நாட்டு அடுப்புகள் தனித்தனியே கண்டுகொண்டிருக்கின்றன.

செயின்ட் லூயிஸ் புறநகரங்களில் போர்க் ஸ்டேக் பரவிய அந்த ஆண்டுகளிலேயே நேஷனல் சிட்டி மங்கத் தொடங்கியிருந்தது. லாரியும் நெடுஞ்சாலையும் வந்தபின் பன்றிகளை ரயிலேற்றி நகரத்துக்குக் கொண்டு வரும் தேவை குறைந்தது. பன்றி வளரும் அயோவா போன்ற இடங்களிலேயே அறுத்து, துண்டாக்கி, பெட்டியில் அடைத்து அனுப்புவது மலிவு என்று நிறுவனங்கள் கண்டன. ஆர்மர் ஆலை 1959-இல் மூடியது. 1997-இல் சந்தையும் மூடியது. வேலையும் வரியும் இழந்த ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் அமெரிக்காவின் மிக வறிய நகரங்களில் ஒன்றாகியது. ஆர்மர் ஆலையின் புகைபோக்கிகளும் பாழடைந்த கூடமும் அரை நூற்றாண்டுக்கு மேல் புல் மண்டிக் கிடந்து, 2016-இல் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன.

வெட்டுமுறைகள் ஆலையோடு போகவில்லை. மே மாதக் கடைசியில் வரும் நினைவு நாளுக்கும் ஜூலை 4 விடுதலை நாளுக்கும் முன்பு செயின்ட் லூயிஸ் அங்காடிகளில் போர்க் ஸ்டேக் பெரும் பொதிகளாகத் தள்ளுபடி விலையில் குவிகிறது. 416ஏ எண்ணுள்ள விலா எந்த மாநிலத்தில் அறுபட்டாலும் அந்த நகரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு நாடெங்கும் உணவகங்களுக்குப் போகிறது. மூக்குக்கு அப்படி நகரப் பெயர் தாங்கிய வணிக எண் கிடைக்கவில்லை. வெளி மாநிலத்து ஆலைகளிலிருந்து உறைந்த பெட்டிகளில் அதை வரவழைத்து, நகரத்தின் வடபகுதியிலும் எதிர்க்கரையிலும் ஒரு சில கடைகள் இன்னும் மயிர் நீக்கி, துளை வெட்டி, மணிக்கணக்காகத் தணலில் வாட்டித் தருகின்றன. அந்தக் கடைகள் வைத்திருக்கும் கைப்பக்குவம் அவர்களுடைய பாட்டன் பாட்டிமார் ரயிலில் கொண்டு வந்தது. அதை எழுதி வைத்த ஏடுகள் மிகக் குறைவு. கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் அந்த அடுப்புகளின் முன்னால்தான் நிற்க வேண்டும்.